பெரிய திரையா, பெரிய உடலா? கொழும்பில் கேமிங் மடிக்கணினித் தெரிவு பற்றி ஒரு மீளாய்வு

தூக்கிச் செல்லும் கணினி ஒன்று மேசைக் கணினியின் இடத்தை முழுமையாகப் பிடிக்குமா என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லப்பட்டு வருகிறது. 2003 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் 17 அங்குலத் திரையுடன் பவர்புக் ஜி4 மடிக்கணினியை அறிமுகப்படுத்தியபோது விடை ‘ஆம்’ என்று தோன்றியது. 2012இல் அதே நிறுவனம் 17 அங்குல வரிசையையே கைவிட்டது. கேமிங் மடிக்கணினி செய்வோர் எதிர்த்திசையில் போனார்கள். ஏசர் 2016இல் அறிவித்த பிரெடேட்டர் 21 எக்ஸ், 21 அங்குல வளைந்த திரையும் இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் சில்லுகளும் எட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. விலை ஏறத்தாழ 9,000 டொலர். அந்தப் பாதையில் வேறெவரும் தொடர்ந்து போகவில்லை. 2023 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியை ஒட்டி ஏலியன்வெயார், ஏசஸ், ஏசர், ரேசர் ஆகியவை 18 அங்குல மொடல்களுடன் வந்தபோது பழைய கேள்வி மறுபடியும் திறந்தது.

கொழும்பில் இந்தக் கேள்வி பெரும்பாலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவின் மாடிகளில்தான் தீர்க்கப்படுகிறது. வெள்ளவத்தையிலிருந்து வருவோருக்குக் காலி வீதியில் சிறிது தூரம். கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோர் நகரைக் குறுக்கே கடக்க வேண்டும். வாங்குபவர் பெரும்பாலும் மாணவர், பணம் கொடுப்பவர் பெற்றோர். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலேயே கணினிக் கல்விக்கான ஐஐடி நிறுவனம் இருக்கிறது. மென்பொருள், முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோத் தொகுப்பு படிக்கும் பிள்ளைக்கு வலுவான கணினி தேவை என்பது நியாயமான வாதம். அதே கணினியில் இரவில் கேம் ஓடும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இங்கே ‘கேமிங் மடிக்கணினி’ என்பது நான்கு, ஐந்து ஆண்டுகள் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய ஒரு குடும்பச் செலவு.

அந்தச் செலவு சிறியதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பின்னர் 300 ரூபாயை அண்டி நின்றது. 1,500 டொலர் பெறுமதியான ஒரு கணினி, வரி சேர்க்காமலே, 3 இலட்சத்திலிருந்து 5 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு ஏறி, 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு இறங்கியதாகக் கணக்கிடலாம். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதிசேர் வரி 18 சதவீதம். இவ்வளவு பணத்தைக் கொடுத்துப் பிழையான பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதை மாற்றிக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. அதனால்தான் இந்த விடயம் கவனமான ஆய்வுக்கு உரியது.

முரண்படும் நிலைப்பாடுகள்

முதலாவது, மேசைக் கணினிக் கட்சி. அதே பணத்துக்குக் கூடுதல் வலு, பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம், மூன்று ஆண்டு கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் புதிதாகப் போடலாம் என்கிறது அது. இந்த வாதத்தின் பொருளாதாரப் பகுதி இன்றும் அசைக்க முடியாதது. ஆனால் அது நிலையான வீட்டையும் நிலையான மின்சாரத்தையும் எடுகோளாகக் கொள்கிறது. வெள்ளவத்தையின் அனெக்ஸ்களிலும் விடுதி அறைகளிலும் தங்கிப் படிக்கும் யாழ்ப்பாண, மட்டக்களப்பு மாணவருக்கு இரண்டுமே உறுதியில்லை. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தொடர்வீடுகளில் ஒரு மேசையை நிரந்தரமாகக் கணினிக்கு ஒதுக்குவதும் எளிதல்ல.

இரண்டாவது, பெரிய மடிக்கணினிக் கட்சி: 17.3 அல்லது 18 அங்குலம் வாங்கு, அதையே மேசைக் கணினியாக வைத்துக்கொள், தேவையானபோது மட்டும் தூக்கு. மூன்றாவது, 2021 வாக்கில் பலம் பெற்ற 16 அங்குல நடுவழி. நான்காவது தரப்பு திரையைக் கணினியிலிருந்தே பிரித்துப் பார்க்கிறது: கையடக்கமான மடிக்கணினி ஒன்று, வீட்டில் அதோடு இணைக்க 24 அல்லது 27 அங்குல மொனிட்டர் ஒன்று.

இந்த நான்கும் ஒன்றையொன்று மறுக்கும்போது பேசுவது பெரும்பாலும் திரையைப் பற்றி. ஆனால் வாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கொழும்பைப் பொறுத்தவரை திரையின் அளவு இரண்டாம் நிலைக் காரணி என்ற முடிவுக்கே அவை இட்டுச் செல்கின்றன. பெரிய திரையை வாங்குபவருக்கு உண்மையில் பயன் தருவது அந்தத் திரை உட்காரத் தேவைப்படும் பெரிய உடல்.

அங்குலம் சொல்வதும் சொல்லாததும்

அங்குலம் என்பது மூலைவிட்ட அளவு. திரையின் வடிவம் மாறினால் அதே அங்குலம் வேறு பரப்பைக் குறிக்கும். பழைய 17.3 அங்குலத் திரைகள் 16:9 விகிதத்தவை. இன்றைய 16, 18 அங்குலத் திரைகள் 16:10. கணக்குப் போட்டால் 17.3 அங்குலத் திரையின் உயரம் 8.48 அங்குலம். புதிய 16 அங்குலத் திரையின் உயரமும் அதே 8.48. அதாவது ஒரு கட்டுரையை வாசிக்கும்போதோ நிரல் எழுதும்போதோ 17.3 அங்குலம் தரும் வரிகளை 16 அங்குலமும் தந்துவிடுகிறது. குறைவது அகலத்தில் ஒன்றரை அங்குலம்தான். 16 அங்குல நடுவழியின் மிக வலுவான ஆதாரம் இது. விற்பனையாளர்கள் இதை எடுத்துச் சொல்லாதது வியப்பு.

18 அங்குலம் இதிலிருந்து தெளிவாக விலகி நிற்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 146 சதுர அங்குலம், 17.3 அங்குலத்தினது 128. 16 அங்குலத்தினது 115. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் 24 அங்குல மொனிட்டரின் பரப்பு 246 சதுர அங்குலம். பெரிய படம்தான் வேண்டும் என்பவருக்கு 18 அங்குல மடிக்கணினி மிக விலையுயர்ந்த, அரைகுறையான தீர்வு. நான்காம் தரப்பு இந்த இடத்தில் வெல்கிறது.

எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 18 அங்குல மொடல்கள் பொதுவாக 3 கிலோவுக்கு மேல்; ஏலியன்வெயார் எம்18 நான்கு கிலோவைத் தாண்டும். 330 வொட் அடப்டர் தனியாக ஒரு கிலோவை நெருங்கும் அல்லது கடக்கும். காலி வீதியில் 100, 101 இலக்கப் பேருந்துகளில் காலை நெரிசலில் நின்றுகொண்டு போகும் மாணவர் இதை நாள்தோறும் தோளில் சுமப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்ததல்ல. விரிவுரைக்கு நாளாந்தம் கணினி தேவைப்படும் பிள்ளைக்கு 18 அங்குலம் பொருந்தாது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். பல புதிய மொடல்கள் யூஎஸ்பி-சி வழியாக 100 வொட் சிறு சார்ஜரையும் ஏற்பதால் அடப்டரை வீட்டில் விட்டுப் போகலாம் என்ற பதில் சுமையில் ஒரு பகுதியைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே பெயர், வெவ்வேறு வலு

கடை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கிராபிக்ஸ் சில்லின் பெயர். வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடமும் அதுவே. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2016 வரை மடிக்கணினிச் சில்லுகளின் பெயரில் ‘எம்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தது; மேசைக் கணினிச் சில்லிலிருந்து அது வேறானது என்று எவருக்கும் புரிந்தது. 2016 ஓகஸ்டில் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு, சில்லுத் தயாரிப்பாளரான என்விடியா அந்த எழுத்தை நீக்கியது. அப்போது அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது, வலுவில் இடைவெளி குறைந்திருந்தது. 2017இல் மெலிந்த கணினிகளுக்காக மின்வலு குறைக்கப்பட்ட ‘மக்ஸ்-கியூ’ வகை வந்தது. 2021இல் 30 வரிசையோடு அந்தப் பெயரையும் மொடலில் தனியாகக் காட்டும் வழக்கம் மறைந்தது. கண்டனங்கள் எழுந்த பின், மின்வலு அளவைத் தங்கள் விபரப் பக்கங்களில் வெளியிடுமாறு என்விடியா தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.

விளைவு இன்றும் தொடர்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் சில்லுக்கு என்விடியா குறிப்பிடும் மின்வலு எல்லை 35 முதல் 115 வொட் வரை. 4070க்கும் அதே எல்லை. ஒரே பெயர் கொண்ட இரு கணினிகளில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு மின்வலுவை அந்தச் சில்லுக்குக் கொடுக்கலாம். வேகம் மூன்று மடங்காகாது. உச்சத்தை நெருங்க நெருங்கப் பலன் குறைந்துகொண்டே போகும். ஆயினும் கீழ் எல்லையில் ஓடும் 4070, மேல் எல்லையில் ஓடும் 4060இடம் தோற்பது சாத்தியமே. மேசைக் கணினியோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது: மேசைக் கணினியின் 4090க்கு 16,384 கருக்கள், 24 கிகாபைட் நினைவகம், 450 வொட், அதே எண்ணைத் தாங்கும் மடிக்கணினிச் சில்லுக்கு 9,728 கருக்கள், 16 கிகாபைட், 150 வொட் அளவு.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது இந்த மொடலில் சில்லுக்கு எத்தனை வொட் கொடுக்கப்படுகிறது என்பதே. விற்பனையாளருக்கு விடை தெரியாவிட்டால் மொடலின் முழு இலக்கத்தை எழுதிக்கொண்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்க்கலாம். அடப்டரின் அளவும் ஒரு தடயம்: 180 வொட் அடப்டரோடு வரும் கணினி, 280 அல்லது 330 வொட் அடப்டரோடு வருவதைப்போல் ஓடாது.

முப்பது பாகை அறையில்

வெளிநாட்டு ஆய்வாளர்களின் அளவீடுகள் பெரும்பாலும் 20 முதல் 23 பாகை செல்சியஸ் அறைகளில் எடுக்கப்பட்டவை. கொழும்பில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூடிய அறைக்குள் அதற்கும் மேல். பல தயாரிப்பாளர்கள் தங்கள் மடிக்கணினிக்குக் குறிப்பிடும் இயங்கு சூழலின் உச்சமே 35 பாகைதான். குளிர்விக்கும் விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை எட்டுப் பாகை சூடானால், அதே மின்வலுவில் சில்லும் ஏறத்தாழ எட்டுப் பாகை கூடுதலாகச் சூடாகும். சில்லுக்கோ கடக்க முடியாத எல்லை உண்டு: மடிக்கணினிச் செயலிகள் பொதுவாக 100 பாகையை ஒட்டியும் கிராபிக்ஸ் சில்லுகள் 87 பாகையை ஒட்டியும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. குளிர்ந்த நாட்டில் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்ற கணினி வெள்ளவத்தையின் மூன்றாம் மாடி அறையில் எல்லையில் முட்டி நிற்கும்.

பெரிய உடலின் உண்மையான பெறுமதி இதில்தான் இருக்கிறது. 18 அங்குலக் கணினிக்குள் அகலமான வெப்பத் தகடுகள், பெரிய விசிறிகள், வெப்பத்தைப் பரப்பும் ஆவி அறை ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. பெரிய விசிறி அதே அளவு காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளும், சத்தம் குறையும். தம்பி விளையாட அக்கா பக்கத்திலேயே உறங்கும் ஒரே அறை வீட்டில் அது அற்ப விடயமல்ல. மெலிந்த உடலில் உச்ச வலு கொண்ட சில்லைத் திணித்து அழகாக விற்கப்படும் மொடல்கள் கொழும்பில்தான் தம் வாக்குறுதியிலிருந்து அதிகம் தவறும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

இந்த நிலைப்பாட்டுக்கும் பலவீனம் உண்டு. பெரிய திரை இருப்பதால் மட்டும் பெரிய குளிரூட்டல் இருந்துவிடாது. விலை குறைந்த 17.3 அங்குல மொடல்கள் சிலவற்றில் சிறிய கணினியின் வெப்பத் தகடே அகலமான பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும். மறுபுறம் தடித்த 16 அங்குலக் கணினிகள் சில நன்றாகத் தாங்குகின்றன. குளிரூட்டிய அறையில் விளையாடினால் போதும் என்ற எதிர்வாதமும் உண்டு. ஆனால் ஒரு தொன் குளிரூட்டி ஏறத்தாழ ஒரு கிலோவொட் மின்சாரம் எடுக்கும், கணினியைப்போல் பல மடங்கு. மாத மின்கட்டணத்தைப் பார்த்தே அந்த வாதத்தின் எடையை ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிக்க வேண்டும்.

வெப்பத்தோடு உப்பும் வருகிறது. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை வீடுகளில் சன்னல் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பது அங்கே வாழ்வோருக்குத் தெரியும். அதே காற்றை விசிறிகள் மணிக்கணக்காகக் கணினிக்குள் இழுக்கின்றன. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் கனரக வாகனங்களின் தூசு. உத்தரவாதங்கள் பொதுவாக அரிப்பினால் வரும் பழுதை ஏற்பதில்லை. கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே மேசையைப் போடாமல் இருப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்விப்பதும் இங்கே கணினியின் ஆயுளைத் தீர்மானிக்கக்கூடியவை. அடிப்பலகையை எளிதாகக் கழற்றக்கூடிய மொடலா என்பதையும் வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

மின்சாரம் போகும் வீடு

2022 மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலை அனல் மின் நிலையம் இணைப்பிலிருந்து விலகியதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. மேசைக் கணினிக் கட்சி கொழும்பில் ஆதரவு இழந்ததற்கு 2022இன் மின்வெட்டு மாதங்கள் முக்கிய காரணம் என்று கருத இடமுண்டு.

ஆனால் பற்றரி இருப்பதால் கேமும் தொடரும் என்று நினைப்பது தவறு. விமானப் பயண விதிகள் அனுமதியின்றிக் கொண்டுபோகக்கூடிய பற்றரியை 100 வொட் மணிக்கு உட்படுத்துவதால் மிகப் பெரிய மடிக்கணினியின் பற்றரியும் 99 வொட் மணி அளவில் நின்றுவிடுகிறது. 200 வொட் எடுத்தால் அது அரை மணியில் தீர்ந்துவிடும். அதனாலேயே மின்சாரம் போனதும் கணினி தன் வலுவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்கிறது. பற்றரி தருவது வேலையைச் சேமித்துக்கொள்ளும் நிம்மதியையும் ஒப்படையை முடிக்கும் சில மணி நேரத்தையும். படிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிது. நான்காம் தரப்பின் வெளி மொனிட்டர் மின்வெட்டில் இருண்டுவிடும் என்றாலும் மடிக்கணினியின் சொந்தத் திரை எஞ்சியிருக்கும். அந்த வகையில் அது மேசைக் கணினியைவிட மேல்.

திரையின் தரமும் நினைவகமும்

இதில் கருத்து வேறுபாடு குறைவு. விலை குறைந்த மொடல்களில் நிற வீச்சு 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறிக்கப்பட்ட திரைகள் இன்னும் வருகின்றன. திருமண வீடியோ தொகுப்பவருக்கும் வடிவமைப்பு படிப்பவருக்கும் அவை ஆகாது, முழு எஸ்ஆர்ஜிபி நிற வீச்சு வேண்டும். புதுப்பிப்பு வேகத்தைப் பார்த்தால், 240 ஹேர்ட்ஸ் திரைக்கும் 144 ஹேர்ட்ஸ் திரைக்கும் இடையில் ஒரு சட்டகத்துக்கான நேர வேறுபாடு மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. வலோரன்ட் போன்ற இணையக் கேம் விளையாடும் இலங்கையர் மும்பாய் அல்லது சிங்கப்பூர் சேர்வருக்குப் போய்வருவதில் இழக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு. அதற்காக வேகத் திரை பயனற்றதாகிவிடாது. கூடுதல் பணம் கொடுக்க அது முதற் காரணமாக இருக்கக் கூடாது என்றே சொல்லலாம். 2560×1600 திரை 1920×1080 திரையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு புள்ளிகளைக் கொண்டது என்பதையும், அவற்றை நிரப்பும் பாரம் சில்லின் மீதே விழும் என்பதையும் மறக்கலாகாது.

ரம் நினைவகம் ஒரே ஒரு துண்டாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு துண்டுகள் இருந்தால்தான் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை முழு அகலத்தில் திறக்கும். பெரிய உடல் கொண்ட மொடல்களில் ரம்மையும் சேமிப்பகத்தையும் பின்னர் கூட்ட இடங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. மெலிந்தவற்றில் சில பலகையோடு ஒட்டப்பட்டவை.

எங்கே வாங்குவது: முகவரா, கடையா, ரொறன்ரோ மாமாவா

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. அதிகாரபூர்வ இறக்குமதியாளரின் உத்தரவாதத்தோடு வரும் கணினி விலை கூடியது, மொடல் தெரிவு குறைவு. கடைக்காரர் தாமே டுபாய், சிங்கப்பூர் சந்தைகளிலிருந்து இறக்கியது விலை குறைந்தது. ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் அந்தக் கடையினுடையது, கடை மூடினால் அதுவும் போகும். மூன்றாவது, கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இங்கிலாந்திலிருந்து வரும் உறவினர் கொண்டுவருவது.

மூன்றாம் வழி பாசத்தோடு கலந்தது; அதனாலேயே அதைக் குறை சொல்லத் தயங்குவோம். விலையில் அது பெரும்பாலும் நல்லது. கனடாவின் 120 வோல்ட் பற்றிய பயம் தேவையற்றது, மடிக்கணினி அடப்டர்கள் வழமையாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். சுவரில் செருகும் வயரை மட்டும் இங்குள்ள 13 அம்பியர் மூன்று முனைச் செருகிக்கு மாற்றினால் போதும். புவித்தொடுப்பு முனை இல்லாத மலிவு மாற்றியைப் போட்டால் உலோக உடலில் மெல்லிய அதிர்வு தெரியலாம், அதைத் தவிர்க்க வேண்டும். உண்மையான சிக்கல்கள் வேறு. பாரிஸில் வாங்கியதில் விசைப்பலகை அசெர்ட்டி வரிசையில் இருக்கும். சூரிச்சில் வாங்கியதில் குவெர்ட்ஸ். நான்கு கிலோவை நெருங்கும் கணினியும் அடப்டரும், பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் 7 கிலோ கைப்பொதியில் பாதிக்கு மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மட்டும் உரியதா, இலங்கையிலும் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை மொடலுக்கு மொடல் மாறுகிறது. தொடரிலக்கத்தைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் இட்டுப் பார்ப்பதும், பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்பதும் தவிர வேறு வழியில்லை.

உள்ளூரில் வாங்குவோருக்கு ஒரு பிடி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கிறது. அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். அதில் மொடலின் முழுப் பெயரும் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பற்றரிக்கான உத்தரவாதம் பெரும்பாலும் தனியானது, குறுகியது. முகவர் உத்தரவாதத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை இங்கே நியாயமானது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. இந்த வகைக் கணினியில் தாய்ப்பலகை, செயலி, கிராபிக்ஸ் சில்லு எல்லாம் ஒன்றாகவே ஒட்டியிருக்கின்றன. ஒன்று போனால் செலவு கணினியின் விலையில் பெரும்பகுதி.

பாவித்த கணினி வாங்கலாம் என்போரும் உண்டு. இக்மன் தளத்தில் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. இதில் இரண்டு காலக்கெடுக்களைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. அதே மாதத்தோடு ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான புதிய கேம் டிரைவர்களையும் என்விடியா நிறுத்தியது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை. அதற்குப் பிந்திய வரிசைகளை மட்டுமே பார்ப்பது புத்தி. வாங்கும்போது குறைந்தது அரை மணி நேரம் கடினமான கேம் ஒன்றை ஓடவிட்டு வேகம் விழுகிறதா என்று பார்க்க ஒப்பாத விற்பனையாளரை விட்டு விலகலாம்.

இன்னும் முடிவாகாதவை

கிராபிக்ஸ் நினைவகம் எவ்வளவு போதும் என்ற விவாதம் 2023இல் ஹொக்வர்ட்ஸ் லெகசி, தி லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 1 ஆகிய கேம்களோடு சூடு பிடித்தது. 8 கிகாபைட் கொண்ட சில்லுகள் உயர்தர அமைப்புகளில் திணறின. கேம்களை உருவாக்கியோர் பின்னர் சிலவற்றைத் திருத்தினார்கள், திணறல் தணிந்தது. இருந்தும் 2025இல் வந்த மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 5060, 5070 இரண்டும் 8 கிகாபைட்டிலேயே நிற்கின்றன; 12 வேண்டுமானால் 5070 டிஐக்கு ஏற வேண்டும், அந்த விலைத் தாவல் இங்கே பெரியது. நடுத்தர அமைப்பில் விளையாட இசைவோருக்கு 8 இன்னும் சில ஆண்டுகள் போதலாம். ஐந்து ஆண்டுத் திட்டத்தோடு வாங்குவோருக்கு அந்த உறுதியைத் தர முடியவில்லை.

செயற்கை நுண்ணறிவால் இடைச் சட்டகங்களை உருவாக்கும் தொழில்நுட்பம் 2022இல் டிஎல்எஸ்எஸ் 3 உடன் வந்தது. 2025இல் ஒரு சட்டகத்துக்கு மூன்று வரை சேர்க்கும் நிலைக்கு வளர்ந்தது. இந்தச் சட்டகங்களை வேகம் என்று எண்ணுவதா? ஒரு தரப்பு, கண் காண்பது கூடினால் போதும் என்கிறது. மறுதரப்பு, விசையை அழுத்தியதும் வரும் பதில் அதனால் விரைவாவதில்லை என்று காட்டுகிறது. போட்டிக் கேம் ஆடுவோருக்கு இரண்டாம் தரப்பின் பக்கம் வலுவாகத் தெரிகிறது. கதைக் கேம் ஆடுவோருக்கு விடை வேறாக இருக்கலாம்.

கடைசியாக, உதிரிப்பாகம். 18 அங்குல மொடல்கள் இலங்கைக்குச் சிறு எண்ணிக்கையில் வருகின்றன. நான்காம் ஆண்டில் ஒரு விசிறி நின்றால், பற்றரி வீங்கினால், அந்த மொடலுக்கான பாகம் பம்பலப்பிட்டியில் கிடைக்குமா, சீனாவிலிருந்து வரவழைக்க எத்தனை கிழமை காத்திருக்க வேண்டும் என்பது இங்கே இதுவரை சொன்ன எந்த அளவீட்டிலும் அடங்காது. அதிகம் விற்ற 15.6, 16 அங்குல மொடல்களுக்குப் பழுதுபார்ப்போர் பழைய கணினிகளைக் கழற்றியே பாகம் எடுத்துவிடுகிறார்கள். வெப்பத்தைத் தாங்கப் பெரிய உடலைத் தெரிவு செய்பவர், பாகம் கிடைப்பதில் பின்தங்க நேரலாம். இந்த இரண்டில் எது கூடுதல் செலவாகும் என்பது, 2023இல் வந்த 18 அங்குல வரிசை உத்தரவாதக் காலத்தைக் கடந்து பழுதுபார்ப்போரின் மேசைகளுக்கு வரத் தொடங்கிய பின்னரே தெளிவாகும்.